எம்ஜிபிக்கு மீண்டும் பழைய பாணி உதிரிபாகங்கள்: காக்கி புக்கிட் பட்டறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 1970இல் தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். வலப்பக்க ஸ்டீயரிங், குரோம் பம்பர், 1798 சிசி பி சீரிஸ் எஞ்சின், ஆல்டர்னேட்டர், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டி உடலோடு இணைந்தது). எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் தயாரானது. வெளியே பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே பாகங்கள் பலமுறை மாறிவிட்டன. இந்த வேலையில் வந்த சிக்கல்களில் பாதி அதனால் வந்தவைதான்.

சிங்கப்பூரில் இந்த வண்டி பழங்கால வாகனத் திட்டத்தின்கீழ் இருக்கிறது. 35 வயது தாண்டிய வாகனங்களுக்கான திட்டம் அது. ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். சோதனை ஓட்டத்துக்கு எடுத்தாலும் அந்தக் கணக்கில் ஒரு நாள் கழியும். ஆகவே பட்டறைக்குள்ளேயே பார்த்து முடிக்கக்கூடிய எதையும் சாலையில் பார்ப்பதில்லை என்று முதல் நாளே முடிவாயிற்று. வேலையின் வரிசை முழுவதும் இந்த முடிவைச் சார்ந்தே அமைந்தது.

உரிமையாளர் பணி ஓய்வு பெற்றவர். வண்டியை வாங்கும்போதே முந்தையவர்கள் பல மாற்றங்களைச் செய்திருந்தார்கள். மெக்கானிக்கிடம் அவர் கேட்டது இவ்வளவுதான்: “அண்ணே, பானெட்டைத் திறந்தா அந்தக் காலத்து வண்டியா இருக்கணும். ஆனா ரோட்டுல நின்னுடக் கூடாது.” இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்று பலர் நினைக்கிறார்கள். பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தால் மோதாது.

முதல் ஆய்வில் கண்டவை

காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் இருக்கவேண்டிய இடத்தில் ஒற்றை வெபர் 32/36 கார்புரேட்டர் இருந்தது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து அனுப்பும் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பதில் பெயர் தெரியாத எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர். அதன் வேக்குவம் குழாய் எதனோடும் இணைக்கப்படாமல் அடைத்து விடப்பட்டிருந்தது. டேக்கோமீட்டர் (எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் மானி) வேலை செய்யவில்லை. முன்பக்க லீவர் டேம்பர் (கை வைத்த ஷாக் அப்சார்பர்) இரண்டிலும் எண்ணெய்க் கசிவு.

உரிமையாளர் சொன்ன குறைகள் மூன்று: சிக்னலில் இருந்து கிளம்பும்போது ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் எஞ்சின் திணறுகிறது, சூடான எஞ்சினை நிறுத்திக் கால் மணி நேரம் கழித்துத் தொடங்கினால் நெடுநேரம் சுற்றிய பிறகே பிடிக்கிறது, மேடு பள்ளத்தில் முன்பக்கம் அலைகிறது.

வெபர் 32/36 நல்ல கார்புரேட்டர். குறை அதைப் பொருத்திய விதத்தில் இருந்தது. எம்ஜிபி எஞ்சினில் இன்டேக்கும் (கலவை உள்ளே போகும் வழி) எக்ஸாஸ்டும் (புகை வெளியேறும் வழி) ஒரே பக்கத்தில் இருப்பதால், கார்புரேட்டர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலேயே உட்காருகிறது. தொழிற்சாலை அதற்காக இடையில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடு வைத்திருந்தது. வெபரைப் போட்டவர்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். நிழலிலேயே 32 டிகிரி காட்டும் ஊரில், எஞ்சினை நிறுத்தியதும் கார்புரேட்டரில் நிற்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும்.

அடுத்து மல்டிமீட்டர். இக்னிஷன் காயிலின் (பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) இரு சிறிய முனைகளுக்கு இடையே 1.5 ஓம் காட்டியது. இந்த ஆண்டு வண்டிக்கு இருக்கவேண்டியது சுமார் 3 ஓம். பேலஸ்ட் ரெசிஸ்டருடன் (மின்னோட்டத்தைக் குறைக்கும் தடை) வந்த பிந்தைய ரப்பர் பம்பர் வண்டிகளில்தான் 1.5 ஓம் காயில் இருந்தது. எலக்ட்ரானிக் மாட்யூல் அதைத் தாங்கிக்கொண்டது. அதே காயிலை விட்டுவிட்டுப் பாயிண்டை (காயிலின் மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனைகள்) மட்டும் மாட்டியிருந்தால், 14 வோல்ட்டில் 4.7 ஆம்பியருக்குப் பதில் 9.3 ஆம்பியர் பாயும். பாயிண்ட் சில நாள்களில் கருகியிருக்கும்.

டேக்கோமீட்டர் நின்றதற்கும் காரணம் அங்கேயே கிடைத்தது. 1970 வண்டியின் டேக்கோமீட்டர், காயிலுக்குப் போகும் வெள்ளை ஒயரில் ஓடும் மின்னோட்டத்தை உணர்ந்துதான் முள்ளை நகர்த்தும். எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தியவர் இக்னிஷன் சுவிட்சிலிருந்து காயிலுக்குத் தனி ஒயர் இழுத்து, மீட்டர் வழியாக வரும் ஒயரை அந்தரத்தில் விட்டிருந்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முந்தையவர்கள் ஒரு பாகத்தை மாற்றியபோது, அதற்கு ஈடுகொடுக்க அதைச் சுற்றியுள்ளவற்றையும் மாற்றியிருந்தார்கள். எனவே திரும்பப் பழைய பாணிக்குப் போவதும் தொகுதி தொகுதியாகத்தான் நடக்கவேண்டும் என்று மெக்கானிக் வலியுறுத்தினார். பற்றவைப்புத் தொகுதி: டிஸ்ட்ரிபியூட்டர், காயில், ஒயரிங், டேக்கோமீட்டர். எரிபொருள் தொகுதி: கார்புரேட்டர்கள், மேனிஃபோல்ட், வெப்பத் தகடு, எஞ்சின் காற்றோட்டக் குழாய்கள். மூன்றாவது முன்பக்க சஸ்பென்ஷன். ஒன்றை முடித்து வண்டியை ஓடவிட்டுப் பார்த்த பிறகே அடுத்தது. மூன்றையும் ஒன்றாகப் பிரித்துவிட்டால், எஞ்சின் பிடிக்காதபோது எங்கே தேடுவது என்றே தெரியாது.

இரண்டாவது முடிவு ரப்பரைப் பற்றியது. அந்தக் காலத்தில் தயாராகி, விற்காமல் பெட்டியிலேயே கிடந்த அசல் பாகங்கள் ஏலங்களில் கிடைக்கின்றன. உரிமையாளர் ஆசையோடு ஒரு பிரேக் சீல் தொகுப்பையும் இரண்டு பிரேக் ஹோஸையும் வாங்கி வைத்திருந்தார். பெட்டியின் அச்சுகூட மங்கவில்லை. ஆனால் ஹோஸை வளைத்ததும் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. பழைய இருப்பில் உலோகம் இருந்தால் வாங்கலாம். ரப்பர், காகிதம், கண்டென்சர் (பாயிண்டில் பொறி பறப்பதைத் தடுக்கும் சிறு மின்தேக்கி) ஆகியவை இருந்தால் தொடக்கூடாது. ஓடாமல் அலமாரியில் இருந்தாலும் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஹோஸ்கள் இப்போது உரிமையாளரின் காட்சிப் பெட்டியில் இருக்கின்றன, வண்டியில் அல்ல.

பாகங்கள் வந்து சேர்ந்தபோது

இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் அனுப்புச் செலவும் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். அதனால் முழுப் பட்டியலையும் ஒரே முறையில் வாங்குவது நல்லது. ஆனால் உரிமையாளர் கார்புரேட்டர்களை மட்டும் முன்னதாகத் தனியே வாங்கிவிட்டார். வந்தவை எச்எஸ்4 என்ற எஸ்யூ வகை ஜோடிதான், 1½ அங்குல அளவும் சரி. ஆனால் 1960களின் நடுப்பகுதி வகை.

எச்எஸ்4 என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் உடல் ஒன்றல்ல. தொடக்க கால எம்ஜிபியில் எஞ்சின் உள்ளிருந்து வரும் ஆவி, இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள வட்டமான பிசிவி வால்வு (எஞ்சின் காற்றோட்ட வால்வு) வழியாகப் போகும். பின்னர் அந்த வால்வு போய், கார்புரேட்டர் உடலிலேயே ஒரு குழாய் முனை வந்தது. எஞ்சின் பக்கவாட்டு மூடியிலிருந்து ஒய் வடிவக் குழாய் இரண்டு கார்புரேட்டருக்கும் போகும். 1970 வண்டிக்கு இரண்டாவது ஏற்பாடு. வந்த ஜோடியில் அந்த முனை இல்லை. அப்படியே மாட்டினால் எஞ்சின் ஆவி போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, சீல்கள் வழியாக எண்ணெய் கசியத் தொடங்கும்.

பழைய பிசிவி வால்வைத் தேடிப் பொருத்தலாமே என்ற யோசனை வந்தது. அது வண்டியின் வயதைவிடப் பழைய ஏற்பாடு. அந்த வால்வின் ரப்பர் டயஃப்ரம் கிழிந்தால் எஞ்சின் காற்றை இழுத்துக் கலவையைக் கெடுக்கும். ஜோடியைத் திருப்பி அனுப்பி, சரியான உடல் கொண்ட ஜோடியை எடுப்பதே முடிவாயிற்று. கார்புரேட்டரின் மிதவை அறை (பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் சிறு தொட்டி) மூடித் திருகின்கீழ் ஒரு சிறிய அலுமினியத் தகட்டில் எண் இருக்கும். வாங்கும்முன் அந்த எண்ணைக் கேட்கவேண்டும். தகடு மாறியிருக்கவும் வாய்ப்புண்டு என்பதால் உடலின் இருபுறமும் படம் கேட்பதே பாதுகாப்பு.

பற்றவைப்புத் தொகுதி

புதுப்பித்த 25டி4 வந்தது. பொருத்தும்முன் சுழல்தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார்கள், ஆட்டம் இல்லை. ஆட்டம் இருந்தால் பாயிண்ட் இடைவெளியை எத்தனை முறை வைத்தாலும் நிலைக்காது. உள்ளே அடித்தட்டையும் உடலையும் இணைக்கும் சிறிய பின்னல் ஒயர் முழுதாக இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். அது அறுந்தால் எஞ்சின் விட்டுவிட்டு அடிக்கும். வெளியிலிருந்து காரணமே தெரியாது.

பாயிண்ட் இடைவெளி 0.38 மி.மீ. வைக்கப்பட்டது. கண்டென்சர் ஒயரும் காயில் ஒயரும் பாயிண்டின் ஸ்பிரிங்கைத் தொடவேண்டும், நடுத்தண்டைத் தொடக்கூடாது. பிளாஸ்டிக் தொப்பி வாஷரை மாற்றி வைத்தால் மின்சாரம் நேரே எர்த்துக்குப் போய்விடும், பொறியே வராது. புதிதாகப் பாயிண்ட் மாட்டுபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. பாயிண்டைத் திறக்கும் கேமில் ஒரு துளி கிரீஸ், அதற்குமேல் வேண்டாம்.

ரோட்டர் ஆர்ம் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று மின்சாரத்தைப் பகிரும் கை) ஆணி அடிக்காத வார்ப்பு வகை. மலிவான போலி வகையில் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ஆணி அடியிலுள்ள தண்டுவரை நெருங்கி நிற்கும். சூட்டில் பொறி அதன் வழியாகத் தண்டுக்குத் தாவிவிடும்.

3 ஓம் காயில் வந்தது. வெள்ளை ஒயரை மறுபடி டேக்கோமீட்டர் வழியாகவே இணைத்து, டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் கறுப்புக் கோடு போட்ட வெள்ளை ஒயர் காயிலின் நெகட்டிவ் முனைக்குப் போனது. முள் உடனே உயிர்பெற்றது. சோதனை விளக்கைக் காயிலின் நெகட்டிவ் முனைக்கும் எர்த்துக்கும் இடையே வைத்து, எஞ்சின் நிற்கும் நிலையில் டைமிங் (பொறி வரும் நேரம்) பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்னதாக அமைக்கப்பட்டது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் விளக்கு எரியும். இந்த டிஸ்ட்ரிபியூட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும், ஆகவே டைமிங்கை முன்னுக்குக் கொண்டுவர உடலை வலஞ்சுழியாகத் திருப்பவேண்டும்.

இந்தக் கட்டத்தில் வெபர் இன்னும் வண்டியில்தான் இருந்தது. பட்டறைக்குள் ஓடவிட்டபோது திணறல் குறைந்திருந்தது, முழுதாகப் போகவில்லை. இரண்டு தொகுதிகளையும் ஒன்றாக மாற்றியிருந்தால் இது தெரிந்திருக்காது.

கார்புரேட்டர்கள்

வெபரைக் கழற்றியபோது, அதன் மேனிஃபோல்டில் ஸ்டட் இரண்டில் மரை சிதைந்திருந்தது. 5/16 அங்குல ஸ்டட்டின் விட்டம் 7.94 மி.மீ. அதில் எம்8 நட்டைப் போட்டால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும், வலுக்கட்டாயமாக முறுக்கினால் மரை போய்விடும். இங்குள்ள பல பட்டறைகளில் மெட்ரிக் நட்டுகள் மட்டுமே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் இது அடிக்கடி நடக்கிறது. 13 மி.மீ. ஸ்பேனரை அரை அங்குல நட்டில் போட்டால் அதன் முனைகள் உருண்டுவிடும். அங்குல ஸ்பேனர் தொகுப்பு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

எஸ்யூ மேனிஃபோல்டில் புதிய ஸ்டட்டுகள் ஏறின. பிறகு ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் வரிசை இது: மேனிஃபோல்ட், கேஸ்கெட், தடித்த பீனாலிக் தடுப்பு, கேஸ்கெட், வெப்பத் தகடு, கேஸ்கெட், கார்புரேட்டர். ஒரு கேஸ்கெட் விடுபட்டாலும் காற்று உள்ளே இழுக்கும். பழைய வெப்பத் தகடு ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதன்மேல் ஒட்டியிருந்த பட்டை ஆஸ்பெஸ்டாஸ் ஆகையால் அதைத் தேய்ப்பதோ சுரண்டுவதோ ஆபத்து என்று விட்டுவிட்டுப் புதிய தகடே வாங்கப்பட்டது.

எஸ்யூவில் பிஸ்டனும் அதன் மேல் அறையும் ஜோடி சேர்த்தே செய்யப்பட்டவை. சுத்தம் செய்யும்போது முன் கார்புரேட்டரின் பிஸ்டனைப் பின் அறையில் போட்டுவிட்டால் சிக்கிக்கொள்ளும். கழற்றும்போதே தனித்தனித் தட்டில் வைப்பது வழக்கமாகவேண்டும். மிதவை மூடியைக் கவிழ்த்துப் பிடித்து, மூடியின் விளிம்புக்கும் மிதவைக்கும் இடையே 3.2 மி.மீ. கம்பியை வைத்து மட்டம் சரிபார்க்கப்பட்டது. பெட்ரோல் வரும் ஜெட் இரண்டும் கார்புரேட்டர் வாயிலுள்ள பாலத்தின் மட்டத்திலிருந்து இரண்டு முழுச் சுற்று கீழே, அதாவது நட்டின் 12 முகங்கள். டேஷ்பாட்டில் (பிஸ்டன் அசைவை மட்டுப்படுத்தும் எண்ணெய் அறை) எஸ்ஏஇ 20 எண்ணெய்.

பெட்ரோல் வழிந்தது

சாவியைத் திருப்பி பம்ப் ஓடத் தொடங்கிய சில விநாடிகளில் பின் கார்புரேட்டரின் வழிவுக் குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டியது, பிறகு ஒழுகியது. எஞ்சின் அப்போது குளிர்ந்திருந்தது, தீயணைப்பான் அருகில் இருந்தது. மிதவை அறையிலிருந்து இறங்கும் அந்தச் சிறு குழாயைத் தேவையற்றது என்று வெட்டிவிடுபவர்கள் உண்டு. அது வழியும் பெட்ரோலை எக்ஸாஸ்டுக்குக் கீழே, அதைத் தொடாமல் கொண்டுபோய் விடுவதற்காக உள்ளது. அதை ஒருபோதும் எடுக்கக்கூடாது.

மட்டம் ஏறியதும் பெட்ரோலை அடைக்கும் மிதவை ஊசிமேல் முதலில் சந்தேகம் வந்தது. கழற்றிப் பார்த்ததில் புதிது, சுத்தம், குறை இல்லை. பிறகு பெட்ரோல் குழாயில் ஒரு டி இணைப்பைப் போட்டு அழுத்தமானியை மாட்டினார்கள். 5 பிஎஸ்ஐ. பின்பக்கம் இருந்தது அசல் எஸ்யூ பம்ப் அல்ல, பொதுவான மின்பம்ப். எம்ஜிபியின் எஸ்யூ பம்ப் தருவது ஏறத்தாழ 2.7 பிஎஸ்ஐ. ஏறத்தாழ இரு மடங்கு அழுத்தம் ஊசியைத் தள்ளித் திறந்துவிடுகிறது.

அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் ஒன்றைப் போட்டு முடித்துவிடலாம், மலிவும்கூட. ஆனால் அந்த ரெகுலேட்டர் பழுதானால் மறுபடி சூடான எக்ஸாஸ்டுக்கு அருகே பெட்ரோல் வழியும். எஸ்யூ வகைப் பம்பே வாங்கப்பட்டது. அத்துடன் தொட்டியிலிருந்து கார்புரேட்டர்வரை எல்லா ரப்பர் பெட்ரோல் குழாயும் மாறியது. பம்ப் மாறியதும் மானி 2.7 காட்டியது, ஒழுகல் நின்றது.

சமன்படுத்துதல் அதற்குப் பிறகுதான். எஞ்சினை முழுதாகச் சூடாக்கி, இரண்டு கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள இணைப்புக் கிளிப்புகளைத் தளர்த்தி, காற்றோட்டமானியால் இரண்டும் ஒரே அளவு இழுக்கும்வரை வேகத் திருகுகளைச் சரிசெய்தார்கள். பிறகு கலவை: பிஸ்டனை மெல்ல ஒரு மில்லிமீட்டர் அளவு உயர்த்தினால், எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் கலவை செறிவு, உடனே இறங்கினால் மெலிவு, லேசாக ஏறித் திரும்பினால் சரி. ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) 800 ஆர்பிஎம்மில் வைக்கப்பட்டது. தெர்மோஸ்டாட் 82 டிகிரிக்குப் பதில் வெப்ப நாடுகளுக்கான 74 டிகிரி வகை. பெட்ரோல் 98 ஆக்டேன்.

முன்பக்க டேம்பர்கள்

லீவர் டேம்பரைப் பிரிக்கும்முன் ஒன்றை மறக்கக்கூடாது. எம்ஜிபியின் முன்பக்கத்தில் டேம்பரின் கைகள்தான் சஸ்பென்ஷனின் மேல் இணைப்பு. மேல் போல்ட்டைக் கழற்றினால் அழுத்தப்பட்ட காயில் ஸ்பிரிங் விடுபட்டுத் தெறிக்கும். ஸ்பிரிங் தட்டின்கீழ் ஜாக்கை வைத்துத் தாங்கிய பிறகே கழற்றவேண்டும். பிரேக் ஹோஸில் காலிப்பர் தொங்கக்கூடாது.

புதுப்பித்த டேம்பர்களை நிமிர்த்தி வைஸில் பிடித்து, கையை முழு வீச்சில் ஏற்றி இறக்கி, காற்று போகும்வரை எண்ணெய் ஊற்றினார்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் எதிர்ப்பு சீராக இருக்கவேண்டும். நடுவில் தொய்வு வந்தால் உள்ளே காற்று இருக்கிறது. பழைய டேம்பர்களிலிருந்து வெளிவந்தது கெட்டியான எஞ்சின் எண்ணெய். கசிவை நிறுத்த யாரோ ஊற்றியது அது. டேம்பர் விறைத்துப்போகுமே தவிர கசிவு நிற்காது. நான்கு போல்ட்டுகளும் 59 முதல் 61 நியூட்டன் மீட்டர் இறுக்கப்பட்டன.

கீழ்க் கைகளுக்குப் பாலியூரித்தேன் புஷ் (மூட்டில் வைக்கும் உருளை) போடலாமா என்ற கேள்வி வந்தது. மெக்கானிக் தேர்ந்தது 1973 முதல் 1976 வரை வந்த எம்ஜிபி ஜிடி வி8இல் இருந்த, உலோகத்தோடு ஒட்டிய ரப்பர் புஷ். அதுவும் அந்தக் காலத்துத் தொழிற்சாலைப் பாகம்தான், தொடக்கத்தில் இருந்த இரு பாதி ரப்பரைவிட நீடிக்கும். அதன் நட்டை வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்கவேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையில் இருந்து விரைவில் கிழியும்.

விளைவு

முதல் சாலை ஓட்டம் ஈசிபி விரைவுச்சாலை வழியாக சாங்கி வரை. திணறல் இல்லை, முன்பக்கம் அலையவில்லை. வெயிலில் 20 நிமிடம் பானெட்டை மூடி நிறுத்தி மறுபடி தொடங்கியபோது எஞ்சின் பிடித்தது. முதல் சில விநாடிகள் லேசாகத் தடுமாறியது. வெப்பத் தகடு இருந்தாலும் இந்த ஊர் வெயிலில் அந்தத் தடுமாற்றத்தை முழுதாக நீக்க முடியாது. ஆக்சிலரேட்டரைச் சிறிது மிதித்துத் தொடங்கினால் போதும்.

இரண்டாவது ஓட்டத்தில், சாங்கி கடற்கரைச் சாலையில், சூடான எஞ்சின் அடிக்கடி விட்டு அடித்து நின்றது. குளிர்ந்ததும் ஓடியது, சூடானதும் மறுபடி நின்றது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து எஞ்சினைச் சுற்றியபோது பாயிண்டில் நீலப் பொறி பெரிதாகத் தெரிந்தது. அது கண்டென்சர் போனதற்கு அடையாளம். பாயிண்டோடு பெட்டியில் இலவசமாக வந்தது அது. கிளவ் பாக்ஸில் வைத்திருந்த நல்ல கண்டென்சரை உரிமையாளரே ஒரு திருப்புளியால் மாற்றி வீடு திரும்பினார். பழைய பாணிப் பற்றவைப்பின் பயன் இங்கேதான்: சாலையோரத்தில் சரிசெய்ய முடிகிறது. எலக்ட்ரானிக் மாட்யூல் போயிருந்தால் இழுவை வண்டிதான்.

500 கி.மீ. ஓடியபின் பாயிண்ட் இடைவெளி 0.33 மி.மீட்டருக்குக் குறைந்திருந்தது. புதிய பாயிண்டின் குதிகால் (கேமைத் தொடும் பகுதி) தேய்ந்து படியும் காலம் இது. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறந்து டைமிங்கும் பின்தங்கும். இரண்டும் மறுபடி சரிசெய்யப்பட்டன.

அடுத்த முறை மாறவேண்டியவை

பெட்ரோல் அழுத்தத்தை முதல் ஆய்விலேயே அளக்கவேண்டும். பம்பை எரிபொருள் தொகுதியில் சேர்க்காமல் விட்டதே பெட்ரோல் வழிந்ததற்குக் காரணம். கார்புரேட்டரை மட்டும் பார்த்து, தொட்டியிலிருந்து அதுவரை வரும் பாதையைப் பார்க்காமல் விடுவது பொதுவாக நடப்பதுதான்.

பாகங்களைக் கேட்கும்போது எந்த ஆண்டு வண்டி என்று சொன்னால் போதாது. எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் சொல்லவேண்டும், ஏனெனில் ஒரே ஆண்டுக்குள்ளேயே மாற்றங்கள் வந்திருக்கின்றன. பாகங்களோடு வரும் இலவசக் கண்டென்சர், இலவச ரோட்டர் ஆர்ம் இரண்டையும் பொருத்தாமல் ஒதுக்கிவிட்டு, தரம் தெரிந்த இடத்தில் தனியே வாங்கவேண்டும். கூடவே ஒவ்வொன்றிலும் ஒன்று கூடுதலாக.

கழற்றிய வெபர், அதன் மேனிஃபோல்ட், எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர், 1.5 ஓம் காயில், மின்பம்ப் எல்லாம் ஒரே பெட்டியில் பட்டியலோடு வைக்கப்பட்டுள்ளன. பின்னாளில் யாராவது அவற்றைத் திரும்பப் பொருத்த விரும்பினால், அந்தக் காயில் எதனோடு சேர்ந்தது, பம்பின் அழுத்தம் எவ்வளவு என்பது பெட்டியின் மேலேயே எழுதியிருக்கிறது.